கம்ப்யூட்டரின் மூளையும் பெட்டியும்: லேப்டாப் விலை ஏறியது ஏன்?

ஓரிக்கைத் தறி சொல்லும் கதை

பட்டுப் புடவைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது!

காஞ்சீபுரத்தை ஒட்டி, பாலாற்றங்கரையில் இருக்கிறது ஓரிக்கை. கோவிலும் தறியும் நிறைந்த வட்டாரம். இங்குள்ள தறிகளின் தலைக்கு மேலே ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதற்கு ஜக்கார்டு என்று பெயர். துளை போட்ட அட்டைகள் மாலை மாலையாக அதிலிருந்து தொங்கும்.

அந்த அட்டைகள் எதற்கு?

புடவையின் கரையில் மயில் வர வேண்டுமா, யாளி வர வேண்டுமா என்று தறிக்குச் சொல்வது அந்த அட்டைகள்தான். அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும். அதோடு சேர்ந்த கொக்கி தூக்கும். பாவு இழை மேலே எழும். துளை இல்லையா? இழை கீழேயே நிற்கும். நாடா ஓடும். ஓர் ஊடை விழும். அடுத்த அட்டை வரும்.

துளை உண்டு, துளை இல்லை. தறிக்குத் தெரிந்தது இந்த இரண்டே சொல்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததும் இரண்டே சொல்தான். மின்சாரம் உண்டு, மின்சாரம் இல்லை. அதை ஒன்று, சைபர் என்று எழுதுகிறார்கள்.

தறியில் பிறந்த யந்திரம்

இது தற்செயலாக வந்த ஒற்றுமை அல்ல.

பிரான்சு நாட்டில் லியான் என்று ஒரு பட்டு நகரம் உண்டு. அங்கே 1804-ம் ஆண்டில் ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர் இந்த அட்டை யந்திரத்துக்கு உருவம் கொடுத்தார். அதைப் பார்த்த இங்கிலாந்துக் கணித மேதை சார்லஸ் பாபேஜ், "புடவைக்குக் கட்டளை சொல்லும் அட்டை, கணக்குக்கும் கட்டளை சொல்லாதா?" என்ற வழியில் சிந்தித்தார். தாம் திட்டமிட்ட கணக்கு யந்திரத்துக்குத் துளை அட்டையையே வைத்தார். 1890-ம் ஆண்டு அமெரிக்க மக்கள் தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் என்பவர் துளை அட்டைகளைக் கொண்டு எண்ணி முடித்தார். அவருடைய தொழிலும் வேறு சில கம்பெனிகளும் சேர்ந்துதான் பின்னால் ஐ.பி.எம். ஆயிற்று.

ஜக்கார்டு வருவதற்கு முன், காஞ்சீபுரத்தில் "அடை" என்ற முறை இருந்தது. நூலைக் கட்டிக் கட்டியே டிசைனைத் தறியில் பதித்து வைப்பார்கள். நூல் போய் அட்டை வந்தது. இப்போது சில தறிகளில் அட்டையும் போய்விட்டது. எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்திருக்கிறது. டிசைன் முழுவதும் விரல் நீளமுள்ள ஒரு பென் டிரைவில் வந்து சேருகிறது.

மூட்டை கட்டி வைத்த அட்டை, விரல் நீளம் ஆகிவிட்டது! அந்தப் பென் டிரைவுக்குள் இருப்பது ஒரு சிப்.

ஆக, அட்டை அடிப்பவரின் வேலையைச் சிப் செய்கிறவர் எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் உலகம் முழுவதும் நடந்திருப்பது இதுதான். லேப்டாப் விலையும் செல்போன் விலையும் ஏறுவதற்குக் காரணமும் இதற்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது.

மூன்று பேர்

ஒரு கம்ப்யூட்டருக்குள் முக்கியமான ஆட்கள் மூன்று பேர்.

முதல் ஆள் மூளை. கணக்குப் போடுவது, கட்டளையை நிறைவேற்றுவது எல்லாம் இதன் வேலை. இன்டெல், ஏ.எம்.டி. போன்ற கம்பெனிகள் இதைச் செய்கின்றன.

இரண்டாவது ஆள் ராம். மூளைக்கு இந்த நேரத்தில் வேண்டியதை மட்டும் கையருகே வைத்துக்கொள்ளும் சிப் இது. மின்சாரம் நின்றால் இதில் இருந்தது எல்லாம் போய்விடும்.

ஓரிக்கைக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ ராஜா நாடு கடத்தினான் என்றும், ஆழ்வாரும் புறப்பட்டார் என்றும், அவர் சொன்னபடி பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்தார் என்றும் சொல்வார்கள். மூவரும் ஓர் இரவு தங்கிய இடமே "ஓரிரவு இருக்கை" ஆகி, ஓரிக்கை ஆயிற்றாம். ராம் என்பதும் ஓரிரவுத் தங்கல்தான். விடிந்தால் இடம் காலி!

மூன்றாவது ஆள் சேமிப்புப் பெட்டி. மின்சாரம் நின்றாலும் இதில் வைத்தது அழியாது. கல்யாணப் படம், பள்ளிக்கூடப் பாடம், கடைக் கணக்கு எல்லாம் இதில்தான் குடியிருக்கும். இது இரண்டு வகை. ஒன்று, சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க். மற்றொன்று, சிப்பினால் ஆன எஸ்.எஸ்.டி.

ஒரு டன் பெட்டி

முதல் ஹார்ட் டிஸ்க்கை 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்டது. இரண்டு அடி அகலத்தில் 50 தட்டுகள். பெட்டியின் எடை ஒரு டன் அளவு. அதில் எழுதக் கூடியது 50 லட்சம் எழுத்து.

தமிழக அரசு 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய லேப்டாப்பில் 256 ஜி.பி. சேமிப்பு. ஒரு ஜி.பி. என்றால் ஏறக்குறைய 100 கோடி ஆங்கில எழுத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஒரு டன் பெட்டியைப்போல 51 ஆயிரம் பெட்டிகள், ஒரு மாணவரின் பைக்குள் அடங்கிவிட்டன!

இதில் ஒரு செய்தி உண்டு. 2011-ல் தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு வழங்கிய லேப்டாப்புகளில் இருந்தது சுழலும் ஹார்ட் டிஸ்க். 2026-ல் வழங்கியவற்றில் இருப்பது எஸ்.எஸ்.டி. 15 ஆண்டுகளில் தட்டு போய்ச் சிப் வந்துவிட்டது.

ஏன் மாறியது?

மூளை சும்மா உட்கார்ந்தது

ஹார்ட் டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை, அல்லது 7,200 முறை சுழலும். அதன்மேல் ஒரு சிறு முனை, தலைமயிர் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி விட்டுப் பறந்தபடி, காந்தப் புள்ளிகளைப் படிக்கும். அற்புதமான யந்திரம்தான். ஆனால் வேண்டிய இடத்தைத் தேடி முனை நகர வேண்டும். தட்டு சுற்றி வர வேண்டும். அதற்கு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும்.

"இதுவா தாமதம்?" என்று கேட்கலாம்.

மனிதனுக்கு இது கண் இமைப்பதைவிடக் குறைவான நேரம். ஆனால் அதற்குள் கம்ப்யூட்டர் மூளை 3 கோடி முறை துடித்துவிடும்! அத்தனை துடிப்பும் வீண்.

தறி வீட்டில் இதைப் பார்க்கலாம். நெய்கிறவர் எவ்வளவு கைவேகம் உள்ளவராக இருந்தாலும், வீட்டுப் பெண்கள் தார் சுற்றித் தந்தால்தான் நாடா ஓடும். தார் தீர்ந்துவிட்டால் வேகக்காரரும் சும்மா உட்கார வேண்டியதுதான்.

இன்டெல் கம்பெனி ஆண்டுதோறும் வேகமான மூளையைச் செய்து விற்றது. ஆனால் பெட்டி மெதுவாக இருந்ததால், வாங்கியவர்களுக்கு அந்த வேகம் முழுதாகத் தெரியவில்லை. வேகம் தெரியாவிட்டால் புது மூளையை யார் வாங்குவார்கள்? எனவே மூளை செய்கிற கம்பெனியே பெட்டி செய்யவும் இறங்கியது. 2008-ல் 80 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யை இன்டெல் கடைக்கு அனுப்பியது.

அது மட்டும் போதவில்லை. மூளையும் பெட்டியும் பேசிக்கொள்ளும் பாஷையும் பழையது. சுழலும் தட்டுக்காக ஏற்பட்ட பாஷை அது. சிப்புக்கு ஏற்ற புதிய பாஷையைப் பல கம்பெனிகள் கூடி 2011-ல் வகுத்தன. அதற்கு என்.வி.எம்.இ. என்று பெயர். அதில் இன்டெலுக்கு முக்கியப் பங்கு உண்டு. அதன்பின் விநாடிக்குச் சில நூறு எம்.பி. என்ற வேகம், சில ஆயிரம் எம்.பி. என்று ஏறியது.

பெட்டியை விழுங்கிய சிப்

எஸ்.எஸ்.டி.யின் உயிர் "பிளாஷ்" என்ற சிப். ஜப்பானில் டோஷிபா கம்பெனியில் வேலை பார்த்த புஜியோ மசுவோகா என்ற விஞ்ஞானி 1984-ல் அதை உலகுக்கு அறிவித்தார். 1987-ல் இன்னும் நெருக்கமாக எழுதக் கூடிய "நாண்ட்" என்ற ரகம் வந்தது. பென் டிரைவ், செல்போன், எஸ்.எஸ்.டி. எல்லாவற்றிலும் இருப்பது இந்த ரகம்தான். கண்டுபிடித்தவருக்கு உரிய வெகுமதி கிடைத்ததா? அவர் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தது. 2006-ல் 8 கோடியே 70 லட்சம் யென் கொடுத்துக் கம்பெனி சமாதானம் செய்துகொண்டது.

பிளாஷ் வளர வளர, பழைய எல்லைக் கோடு அழிந்தது. முன்பு சிப் கம்பெனி வேறு. டிஸ்க் கம்பெனி வேறு. பிறகு ஒருவர் வீட்டில் ஒருவர் புகுந்தார்கள்.

ஹார்ட் டிஸ்க் செய்யும் வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனி, பிளாஷ் செய்யும் சான்டிஸ்க் கம்பெனியை 2016-ல் பெரும் விலை கொடுத்து வாங்கியது. இரண்டும் ஒரே குடும்பமாக வாழ முடியவில்லை. 2025 பிப்ரவரியில் பாகப் பிரிவினை ஆயிற்று. டோஷிபா, வேறு தொழிலில் ஏற்பட்ட நஷ்டத்தைச் சமாளிக்கத் தன் பிளாஷ் தொழிலை 2018-ல் விற்றது. அதற்கு இப்போது கியோக்சியா என்று பெயர். டோஷிபாவிடம் ஹார்ட் டிஸ்க் தொழில் தங்கியது.

இன்டெலின் கதை இன்னும் விசித்திரம். 1968-ல் அந்தக் கம்பெனி பிறந்ததே ஞாபகச் சிப் செய்வதற்காகத்தான். ஜப்பான் போட்டியைத் தாங்காமல் 1985-ல் ராம் தொழிலை விட்டது. பிறகு பிளாஷ் பெட்டியோடு திரும்பி வந்தது. 2020-ல் அதையும் தென்கொரியாவின் எஸ்.கே. ஹைனிக்ஸ் கம்பெனிக்கு 900 கோடி டாலருக்கு விற்க ஒப்புக்கொண்டது. கை மாற்றம் முழுதாக முடிந்தது 2025-ல். ராமுக்கும் பெட்டிக்கும் நடுவில் நிற்கும் "ஆப்டேன்" என்ற புது ரகத்தையும் செய்து பார்த்து, 2022-ல் மூடிவிட்டது.

முடிவு என்ன? உலகில் ஹார்ட் டிஸ்க் செய்யும் கம்பெனிகள் மூன்று: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், டோஷிபா. ராமில் பெரும்பங்கை வைத்திருப்பவையும் மூன்று: சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான். இந்த மூன்றும் பிளாஷும் செய்கின்றன. ஓரிரவுத் தங்கலும், நிரந்தரப் பெட்டியும் பெரும்பாலும் ஒரே முதலாளிகளின் கையில்!

விலை ஏறியது ஏன்?

2025-ம் ஆண்டின் பின்பகுதியில் ராம் சிப் விலை பாய்ந்து ஏறியது. சில ரகங்கள் சில மாதங்களில் இரண்டு மடங்குக்கு மேல் போயின. பிளாஷும் ஏறியது. ஹார்ட் டிஸ்க்குக்கும் கிராக்கி வந்தது.

காரணம் செயற்கை அறிவு. கேள்வி கேட்டால் பதில் சொல்லும், படம் வரைந்து தரும் அந்த யந்திரங்கள் பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் கூடங்களில் ஓடுகின்றன. அவற்றுக்கு எச்.பி.எம். என்ற தனி ரக ராம் வேண்டும். சிப்மேல் சிப்பாக அடுக்கிச் செய்வது அது. சாதாரண ராமைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கன் தகட்டை அது விழுங்குகிறது. லாபமோ அதிகம். தொழிற்சாலை அந்தப் பக்கம் திரும்பியது. லேப்டாப்புக்கும் செல்போனுக்கும் போகிற சரக்கு குறைந்தது.

மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பரில் ஓர் அறிவிப்புச் செய்தது. சில்லறை வாடிக்கையாளருக்கு "குரூசியல்" என்ற பெயரில் ஏறக்குறைய 30 ஆண்டு விற்று வந்த ராம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்தையே மூடுவதாகச் சொல்லிவிட்டது. பெரிய ஆர்டர் வந்தபின் சில்லறைக் கடையை மூடுவது போல!

"வேறு தொழிற்சாலை கட்டக் கூடாதா?" என்ற கேள்வி எழும். கட்டலாம். ஆனால் ஒரு சிப் தொழிற்சாலை எழுந்து வேலை செய்யச் சில ஆண்டுகள் ஆகும். பல ஆயிரம் கோடி ரூபாய் வேண்டும். தவிர, 2023-ல் விலை படுத்துவிட்டதால் இதே கம்பெனிகள் பெரும் நஷ்டப்பட்டு உற்பத்தியைக் குறைத்தன. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது.

சில கைகளில் ஒரு தொழில் இருந்தால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. 2011-ல் தாய்லாந்தில் வெள்ளம் வந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலை தண்ணீரில் மூழ்கியது. உலகம் முழுவதும் ஹார்ட் டிஸ்க் விலை ஏறிவிட்டது. எங்கோ பெய்த மழைக்குச் சென்னைக் கடையில் விலை!

மனிதர்களே விலையை ஏற்றியதும் உண்டு. 1999 முதல் 2002 வரை ராம் கம்பெனிகள் சில தமக்குள் பேசி விலை வைத்ததாக அமெரிக்க அரசாங்கம் வழக்குப் போட்டது. 2005-ல் சாம்சங் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலர் அபராதம் கட்டியது. 2025 விலையேற்றத்துக்கு வேறு காரணம் கண்முன்னே தெரிகிறது. ஆனாலும் விற்பவர் சிலராகவும் வாங்குபவர் உலகமாகவும் இருந்தால், பேரம் பேசும் பலம் யாரிடம் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜரிகையும் சிப்பும்

காஞ்சீபுரத்துக்கு இந்தக் கஷ்டம் புதிதல்ல.

புடவைக்குப் பெயர் காஞ்சீபுரம். ஆனால் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகையில் பெரும்பகுதி குஜராத்தில் உள்ள சூரத்திலிருந்து வருகிறது. 2025 டிசம்பரில் தங்கம் சவரன் 1 லட்ச ரூபாயைத் தாண்டியது. தங்கம் ஏறினால் ஜரிகை ஏறும். ஜரிகை ஏறினால் புடவை விலை ஏறும். ஏறிய பணம் தறியில் உட்கார்ந்தவர் கூலிக்கு வருகிறதா? அது உலோகத்தின் விலை. உழைப்பின் விலை அல்ல.

அதே காஞ்சீபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. 2007 முதல் அங்கே டெல் கம்பெனி கம்ப்யூட்டர் செய்கிறது. பாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன் தயாராகிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பெட்டிகளுக்குள் போகும் ராமும் பிளாஷும் பெரும்பாலும் கடல் கடந்து வருகின்றன. தறி இங்கே, ஜரிகை அங்கே!

இந்த நிலையை மாற்றும் முயற்சி தொடங்கியிருக்கிறது. மைக்ரான் கம்பெனி குஜராத்தில் சானந்த் என்ற ஊரில் 275 கோடி டாலர் திட்டத்தை 2023-ல் அறிவித்தது. அதில் பாதியை மத்திய அரசும், ஐந்தில் ஒரு பங்கை மாநில அரசும் தர ஏற்பாடு. வெளிநாட்டில் செய்த ராம், பிளாஷ் தகடுகளை அறுத்து, உறையிட்டு, பரிசோதிக்கும் வேலை அது. தகட்டையே இங்கு செய்வது அல்ல. டாடா கம்பெனி தைவான் நாட்டுக் கம்பெனியோடு சேர்ந்து குஜராத்தில் தோலேராவில் தகடு செய்யும் தொழிற்சாலை கட்ட, 91 ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2024-ல் மத்திய மந்திரி சபை சம்மதம் தந்தது.

மைக்ரானின் தலைவர் சஞ்சய் மெஹ்ரோத்ரா கான்பூரில் பிறந்தவர். சான்டிஸ்க் கம்பெனியை 1988-ல் தொடங்கிய மூவரில் ஒருவர். இந்திய மூளை இல்லாத சிப் கம்பெனி அரிது. இந்தியாவில் செய்த ராம் தகடுதான் இன்னும் வரவில்லை.

குடும்பத்துக்கு என்ன யோசனை?

பிள்ளைக்கு லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் மூன்று விஷயம் கேட்க வேண்டும். மூளை என்ன? ராம் எத்தனை ஜி.பி.? பெட்டி ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா? மூளையின் பெயரை மட்டும் கேட்டுவிட்டுப் பணம் கொடுக்கக் கூடாது. மெதுவான பெட்டியோடு சேர்ந்த வேகமான மூளை, தார் இல்லாத தறிதான்.

வீட்டில் பழைய லேப்டாப் தவழ்கிறதா? அதைத் தூக்கிப் போடும் முன், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட முடியுமா என்று ரிப்பேர் கடையில் கேட்கலாம். பல பழைய பெட்டிகள் இந்த ஒரு மாற்றத்தில் எழுந்து ஓடியிருக்கின்றன. புது லேப்டாப் விலை ஏறிய காலத்தில் இது பெரிய மிச்சம்.

பெரிய அளவில் குறைந்த செலவில் சேமிக்க இன்றும் ஹார்ட் டிஸ்க்தான் மலிவு. அதனால்தான் பெரிய கம்ப்யூட்டர் கூடங்களும் அதைக் கைவிடவில்லை. ஆனால் அது கீழே விழுந்தால் முனை தட்டில் உரசிப் பாழாகலாம். எஸ்.எஸ்.டி.க்கு விழுவதில் பயம் குறைவு. ஆனால் பல ஆண்டு மின்சாரமே காட்டாமல் பீரோவில் பூட்டி வைத்தால், உள்ளே சிறைப்பட்ட மின்சாரம் கசிந்து, எழுதியது அழியக் கூடும். எழுதி எழுதி அழிப்பதற்கும் அதற்கு ஓர் எல்லை உண்டு.

எனவே கல்யாணப் படமும், பத்திர நகலும், புடவை டிசைனும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது. இரண்டு பிரதி வேண்டும். இரண்டும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும்.

மூளையை விலைக்கு வாங்கலாம். பெட்டியையும் வாங்கலாம். போன படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது!